இழுத்துப் போட்டால் தளம் ரெடி என்கிறார்கள், நமக்குச் சரிப்பட்டு வருமா?

படிக்கிற மற்றவர்களுக்காக உங்கள் கேள்வியை ஒரு தடவை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நாச்சியார்கோவிலில் குடும்பத் தொழிலாகக் குத்துவிளக்குப் பட்டறை. 60 மாடல், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு அளவு. இதுவரை வியாபாரம் கடையிலும் வாட்ஸ்அப்பிலும். இப்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு வலைத்தளம் வேண்டும். கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் ஒரு வெப்சைட் பில்டரைக் காட்டி, "ஒரு வரி கோடு எழுத வேண்டாம் அத்தை, இழுத்துப் போட்டால் தளம் ரெடி" என்கிறாள். தெரிந்த டெவலப்பர் ஒருவர், "அதெல்லாம் விளையாட்டுச் சாமான். வேர்ட்பிரஸில் செய்து தருகிறேன், 45,000 ஆகும்" என்கிறார். (வேர்ட்பிரஸ் என்பது தளம் கட்டுகிற இலவச மென்பொருள், அதை நாமே வைத்து நடத்த வேண்டும்.) யார் பேச்சைக் கேட்பது?

20 வருடத்துக்கு மேலாகச் சின்னக் கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தளம் செய்து கொடுத்து வருகிறேன். பில்டரிலும் செய்திருக்கிறேன், கையால் கோடு எழுதியும் செய்திருக்கிறேன். எந்தப் பக்கமும் எனக்குப் பகை இல்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்களுக்குப் பில்டர் போதும். ஆனால் விளம்பரத்தில் காட்டுகிற விதத்தில் அதில் கட்டினால் ஆறே மாதத்தில் கைவிட்டுவிடுவீர்கள். காரணம், பித்தளை விலை.

விளம்பர வீடியோவைக் கவனித்துப் பாருங்கள். வெள்ளைத் திரை. ஒரு படத்தை இழுத்துப் போடுகிறார்கள், பக்கத்தில் தலைப்பு, கீழே ஒரு பட்டன், அப்புறம் நிறம். பத்து நிமிடத்தில் அழகான பக்கம். அதில் பொய் ஒன்றும் கிடையாது. ஆனால் அங்கே காட்டுவது ஒரு பக்கத்தை முதல் தடவை செய்யும் வேலை. அந்த வேலை உங்களுக்கு ஒரே தடவைதான் வரும். அதற்கப்புறம் வருடம் முழுக்க இருக்கப்போவது விலை மாற்றுகிற வேலை. பித்தளை ஏறினால் ஒரு தடவை, இறங்கினால் ஒரு தடவை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 மாடல், நாலு அளவு என்று வைத்தால் 240 விலை. ஒவ்வொரு விலையும் அந்த விளக்கின் தனிப் பக்கத்தில் ஓர் இடத்திலும், எல்லா விளக்கையும் வரிசையாகக் காட்டும் பக்கத்தில் ஓர் இடத்திலும் வரும். 480 ஆயிற்று. ஆங்கிலப் பக்கங்களையும் சேர்த்தால் 960. இழுத்துப் போட்டுக் கட்டிய பக்கத்தில் விலை என்பது ஒரு பெட்டிக்குள் தட்டச்சு செய்த வெறும் எழுத்து. அது விலை என்று அந்த மென்பொருளுக்குத் தெரியாது. "அன்ன விளக்கு, 3 அடி" என்ற சொல்லும் சரி, அதன் கீழே இருக்கும் எண்ணும் சரி, அதைப் பொறுத்தவரை திரையில் இன்ன இடத்தில் நிற்க வேண்டிய பெட்டி, அவ்வளவுதான். விலை மாறினால் 960 பெட்டியையும் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற வேண்டியது நீங்கள். முதல் தடவை அண்ணன் மகள் உற்சாகமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றிவிடுவாள். இரண்டாவது தடவை பாதியில் நிற்கும். அப்புறம் கடையில் ஒரு விலை, தளத்தில் ஒரு விலை. வாடிக்கையாளர் போனை நீட்டி, "இதில் இப்படிப் போட்டிருக்கே?" என்று கேட்பார்.

இதே பில்டர்களில் இன்னொரு வழி இருக்கிறது. வீடியோவில் அதைக் காட்டமாட்டார்கள், பார்க்கச் சுவாரசியமாக இருக்காது. புராடக்ட்ஸ், கலெக்‌ஷன், சி.எம்.எஸ் என்று ஒவ்வொருவரும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். திறந்தால் எக்செல் மாதிரி ஓர் அட்டவணை: பெயர், அளவு, எடை, விலை, படம். ஒரு விளக்கின் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு வரி. பக்கத்தின் அமைப்பை ஒரே ஒரு முறை வரைந்து, "பெயர் இங்கே, விலை இங்கே" என்று காட்டிவிட்டால் போதும். 60 விளக்குக்கும் 60 பக்கத்தை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். அட்டவணையில் விலை மாறினால் அந்த விலை எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் மாறும்.

நீங்கள் பார்க்கிற பில்டரில் இந்த அட்டவணை இருக்கிறதா, நீங்கள் கட்டப்போகும் திட்டத்திலேயே அது அடங்குமா, அல்லது ஒரு படி மேலே உள்ள விலையில்தான் வருமா? முதலில் தெரிய வேண்டியது இது. கூகுள் சைட்ஸ் இலவசம், எளிது, எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் இப்படிப் பொருள் பட்டியல் கிடையாது. ஒரு சங்கத்துக்கோ ஒரு கருத்தரங்குக்கோ போதும், உங்களுக்குப் போதாது. விக்ஸ், ஷாப்பிஃபை, வேர்ட்பிரஸோடு சேர்கிற வூகாமர்ஸ் ஆகியவற்றில் பட்டியலும் உண்டு, அதை சி.எஸ்.வி ஃபைலாக (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கிற ஃபைல்) மொத்தமாக ஏற்றவும் இறக்கவும் வழியும் உண்டு.

இந்த ஏற்றி இறக்குகிற வசதியை உங்கள் தொழிலுக்கு இப்படிப் பயன்படுத்தலாம். கூகுள் ஷீட்டில் 240 வரி போடுங்கள். ஒரு நெடுவரிசையில் எடை, இன்னொன்றில் கூலி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு கட்டத்தில் இன்றைய கிலோ விலை. எடையை அந்தக் கட்டத்தால் பெருக்கிக் கூலியைச் சேர்த்தால் விற்கும் விலை. பித்தளை ஏறிய அன்றைக்கு அந்த ஒரு கட்டத்தை மட்டும் மாற்றினால் 240 விலையும் தானாக மாறும். சி.எஸ்.வியாக இறக்கிப் பில்டரில் ஏற்ற வேண்டியதுதான். பழகிவிட்டால் ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

இதைவிடச் சோம்பேறித்தனமான வழி ஒன்று இருக்கிறது. உண்மையில் நான் உங்களுக்குச் சிபாரிசு செய்வது அதைத்தான். நகைக்கடை வாசலில் இன்றைய கிராம் விலை என்று ஒரு போர்டு வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. விளக்குப் பக்கத்தில் விலையே வேண்டாம். உயரமும் எடையும் மட்டும் போடுங்கள். தளத்தின் மேல்பட்டையில் "இன்று கிலோ இவ்வளவு" என்று ஒரு வரி. மேல்பட்டை எல்லாப் பக்கத்துக்கும் பொது, அநேகமாக எல்லாப் பில்டரிலும் ஓர் இடத்தில் மாற்றினால் எங்கும் மாறிவிடும். ஒரே அச்சில் வந்த இரண்டு விளக்கும் எடையில் முன்னே பின்னே இருக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே எடைக்கு முன்னால் "சுமார்" சேர்த்து, கீழே "வாட்ஸ்அப்பில் சரியான விலை கேட்க" என்று ஒரு பட்டன் வைத்தால் போதும். ஐந்தடி விளக்கு வாங்குகிறவர் எப்படியும் பேசாமல் வாங்கப்போவதில்லை. கார்ட் (வாங்கும் பொருளைச் சேர்க்கிற கூடை), பேமென்ட் கேட்வே (தளத்திலேயே பணம் வாங்குகிற வசதி) எல்லாம் அரையடி, ஓரடி விளக்கைக் கூரியரில் அனுப்ப ஆரம்பித்த பிறகு யோசிக்கலாம். கடை வசதியோடு கூடிய திட்டங்கள் விலை அதிகம், இப்போதே அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது தமிழ். பில்டர்களில் மாதிரி வடிவமைப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தை மனதில் வைத்து வரைந்தவை. அந்த மாதிரி உங்களுக்கு ஏற்றதா என்பது மாதிரியைப் பார்த்தால் தெரியாது. உங்கள் தமிழை அதில் ஊற்றிப் பார்த்தால்தான் தெரியும். நான் வழக்கமாகச் செய்கிற சோதனை இது: இலவசக் கணக்கைத் திறந்து, அவர்கள் வைத்திருக்கும் ஆங்கிலத் தலைப்பை அழித்துவிட்டு, "நாச்சியார்கோவில் குத்துவிளக்குகள்" என்று ஒட்டுவேன்.

பல மாதிரிகளில் மூன்று விஷயம் உடனே கண்ணில் படும். முதலாவது, எழுத்துரு மாறிவிடும். மாதிரியில் இருந்த அழகான எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இருக்காது. உலாவி தன்னிடம் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போடும். விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று ஆளுக்கு ஒரு மாதிரி தெரியும். பில்டரின் எழுத்துருப் பட்டியலில் முக்தா மலர், ஹிந்த் மதுரை, பவனம், நோட்டோ சான்ஸ் தமிழ் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் நாமே எழுத்துருவை ஏற்ற வழி இருக்க வேண்டும். இரண்டாவது, வரி உயரம். ஆங்கிலத் தலைப்புக்கு வரிகளை நெருக்கி வைத்திருப்பார்கள். தமிழில் மேலே இகர வளைவும் புள்ளியும், கீழே உகரக் கொக்கியும் வருகிறதே, இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் "கு"வும் கீழ்வரியின் "கி"யும் மோதிக்கொள்ளும். மூன்றாவது, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்ட தலைப்புகள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் அது கம்பீரமாக இருக்கும், தமிழில் பல் விழுந்த மாதிரி இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் அமைப்பில் போய் எண்ணை மாற்றினால் சரியாகிவிடும். மாற்ற விடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பட்டன்களையும் விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருந்த பட்டனில் "வாட்ஸ்அப்பில் சரியான விலை கேட்க" என்று போட்டால் எழுத்து வெளியே வழிகிறதா, பட்டன் தானாக விரிகிறதா? தானாக விரிந்தால் அந்தப் பில்டர் உள்ளுக்குள் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு நல்ல அறிகுறி.

பக்க முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்று அண்ணன் மகள் கேட்பாள். வைக்கலாம், உலாவியில் அழகாகத்தான் தெரியும். ஆனால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் பொதுவான குறிமுறை) "குத்துவிளக்கு" என்பது க, உகரக் குறி, த, புள்ளி என்று பிரிந்து 13 குறிகள். முகவரியாக நகலெடுக்கும்போது ஒவ்வொரு குறியும் சதவீத அடையாளத்தோடு ஒன்பது எழுத்தாக நீளும். ஆக 117 எழுத்து, படிக்கவே முடியாத சங்கிலி. வாட்ஸ்அப்பில் அப்படி ஒன்று வந்தால் ஏதோ மோசடி லிங்க் என்று நினைத்து யாரும் தொடமாட்டார்கள். உங்கள் வியாபாரமே வாட்ஸ்அப்பில் என்பதால் முகவரி மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக இருக்கட்டும். பக்கத்துக்குள் எல்லாம் தமிழில் இருக்கலாம்.

இன்னொன்று சொல்ல மறந்துவிடுவேன். பிரஸ்ஸில் அடித்த பழைய கேட்லாக் ஃபைல் உங்களிடம் இருக்கும், பேஜ்மேக்கரில் பாமினி மாதிரி ஏதாவது பழைய எழுத்துருவில் செய்திருப்பார்கள். அதிலிருந்து எழுத்தை நகலெடுத்துப் பில்டரில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். பில்டரைத் திட்டாதீர்கள், யூனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டர்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு "ஸ்ரீ", "ஷ" வருகிற இடங்களையும் எண்களையும் ஒரு தடவை கண்ணால் பாருங்கள்.

போன் விஷயம். உங்கள் வாடிக்கையாளர் எல்லோரும் போனில்தான் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் திரையில் எங்கு வேண்டுமானாலும் எதையும் வைக்கலாம் என்று சுதந்திரம் தருகிற பில்டர்கள் உண்டு. அந்தச் சுதந்திரத்துக்கு விலை, போனுக்கான அமைப்பைத் தனியாகச் சரிசெய்ய வேண்டியிருப்பது. கம்ப்யூட்டரில் அழகாக வைத்த அன்ன விளக்குப் படம் போனில் விலைக்கு மேல் போய் உட்காரும். மற்ற வகை, பக்கத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்குள்ளும் மட்டும் வைக்க விடுவது. கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், ஆனால் போனில் தானாக ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். வரைகலை தெரியாதவர்களுக்கு நான் எப்போதும் இரண்டாவது வகையைத்தான் சொல்வேன். சோதிக்க வேண்டுமானால் விலை குறைந்த பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றை எடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். முக்கியமான படமும் எழுத்தும் இரண்டரை நொடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். இதில் இணையப் பில்டர்களுக்கு ஒரு நல்ல பெயர் கொடுக்க வேண்டும்: போனில் எடுத்த பெரிய படத்தை அப்படியே ஏற்றினாலும் பல பில்டர்கள் அதைச் சுருக்கிச் சரியான அளவில் அனுப்பிவிடும். கையால் கட்டிய தளங்களில் இதை மறந்துவிட்டு 5 எம்பி படத்தைப் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி எல்லோரும் கடைசியில் யோசிக்கிற, முதலில் யோசிக்க வேண்டிய விஷயம். அந்தப் பில்டரையே நிறுத்திவிட்டால்?

நிறுத்தமாட்டார்கள் என்று சொல்ல முடியாது. 1996இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய ஃப்ரண்ட்பேஜ் என்ற தளம் செய்யும் மென்பொருள் ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. 2003 பதிப்போடு நின்றது. அதில் செய்த பக்கங்கள் உங்கள் கம்ப்யூட்டரில் ஃபைலாக இருந்ததால் பிழைத்தன. ஆனால் விசாரணைப் படிவம், வருகை எண்ணி போன்றவை வேலை செய்யச் சர்வரில் ஃப்ரண்ட்பேஜுக்கென்று தனி நீட்சிகள் (கூடுதல் மென்பொருள்) இருக்க வேண்டும். ஹோஸ்டிங்காரர்கள் (தளத்தை வைக்க இடம் வாடகைக்குத் தருகிறவர்கள்) அந்த நீட்சிகளை எடுத்தபோது படிவங்கள் சத்தமில்லாமல் செத்தன. பக்கம் பார்க்க நன்றாகவே இருக்கும், "அனுப்பு" என்று அழுத்தினால் ஒன்றும் வராது. அடோபியின் மியூஸ் கோடு இல்லாமல் தளம் வரைய என்றே 2012இல் வந்தது. 2018 மார்ச்சில் இனிப் புதிதாக எதுவும் சேர்க்கமாட்டோம் என்றார்கள், 2020 மார்ச் 26உடன் ஆதரவும் முடிந்தது. வெளியிட்ட தளங்கள் நின்றன, திருத்துவதற்கான மென்பொருள்தான் அநாதையானது. கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு (கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டுகிற பக்கம்) இலவசமாகக் கிடைத்த ஒருபக்கத் தளங்கள் கதை இன்னும் கிட்டத்தில் நடந்தது. 2024 மார்ச்சில் எல்லாவற்றையும் மூடினார்கள். அந்த முகவரியைப் போட்டவர்களை ஜூன் 10 வரை மட்டும் புரொஃபைலுக்குத் திருப்பி விட்டார்கள். விசிட்டிங் கார்டிலும் பையிலும் அந்த முகவரியை அச்சடித்து வைத்த கடைக்காரர்களை நினைத்துப் பாருங்கள்.

மூன்று கதையிலும் மிஞ்சியது வேறு வேறு. ஒன்றில் ஃபைல் மிஞ்சியது, ஒன்றில் தளம் மிஞ்சியது, ஒன்றில் எதுவும் மிஞ்சவில்லை. நீங்கள் பார்க்கும் பில்டரில் எது மிஞ்சும் என்று கேளுங்கள். விக்ஸில் கட்டிய தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு எடுத்துப் போக முடியாது, அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். பொருள் பட்டியலை மட்டும் சி.எஸ்.வியாக இறக்கலாம். ஸ்குவேர்ஸ்பேஸில் பக்கங்களையும் பதிவுகளையும் வேர்ட்பிரஸுக்கு ஏற்ற வடிவில் ஓரளவு இறக்கலாம், தோற்றம் வராது. வெப்ஃப்ளோவில் பணம் கட்டிய திட்டங்களில் கோடை இறக்கலாம், ஆனால் அட்டவணையில் உள்ள தகவல் அந்தக் கோடோடு வராது, அதைத் தனியாக எடுக்க வேண்டும், படிவங்களும் வேலை செய்யாது.

இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். உங்கள் விஷயத்தில் இது பெரிய ஆபத்தே இல்லை. மேலே சொன்ன கூகுள் ஷீட்டில் 240 வரியும் இருக்கிறது. விளக்குப் படங்களை மாடல் எண்ணைப் பெயராக வைத்து ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பட்டறையைப் பற்றி எழுதிய இரண்டு பக்கத்தை ஒரு டாக்குமென்டில் வையுங்கள். பில்டர் நாளைக்கே மூடினாலும் உங்களிடம் சரக்கு பூராவும் இருக்கிறது. போனது ஷோகேஸ் மட்டும்தான், இன்னொரு இடத்தில் ஒரு வாரத்தில் அடுக்கிவிடலாம். மாறாக எல்லாவற்றையும் பில்டருக்குள்ளேயே தட்டச்சு செய்து, படங்களையும் போனிலிருந்து நேராக ஏற்றிவிட்டுப் போனில் அழித்துவிட்டால், அப்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள்.

ஷோகேஸ் மாறினாலும் மாறக்கூடாதது ஒன்று உண்டு, தளத்தின் பெயர். பில்டர்காரர்கள் முதல் வருடம் டொமைன் இலவசம் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். தனியாக ஒரு பதிவு நிறுவனத்திடம் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் தனியாக இருந்தால் எந்தப் பில்டருக்கும் அதைத் திருப்பிக்கொள்ளலாம். "உங்கள் மின்னஞ்சலில்" என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் வாடிக்கையாளர் ஒருவருடைய தளம் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு படுத்துவிட்டது. விசாரித்தால், வருடச் சந்தா பிடிக்கப்படவில்லை. மூன்று நினைவூட்டல் மின்னஞ்சல் வந்திருக்கிறது, எல்லாம் முன்பு கடையில் வேலை பார்த்த ஒரு பையனுடைய முகவரிக்கு. பையன் திருப்பூர் போய் ஒரு வருடம் ஆகிறது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது, பழைய சிம்மும் இல்லை. தளத்தை மீட்க எட்டு நாள் ஆனது. அண்ணன் மகள் கெட்டிக்காரிதான். ஆனாலும் நாளைக்குப் படிப்பு முடிந்து வேலைக்குப் போவாள். கணக்கு கடையின் மின்னஞ்சலில் இருக்கட்டும், அவளுக்குத் திருத்தும் அனுமதி மட்டும் கொடுங்கள்.

சந்தா தானாகப் போய்விடும் என்றும் நம்பாதீர்கள். கார்டிலிருந்து தானாகப் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபரிலிருந்து கடுமையாகிவிட்டன. முன்கூட்டி அறிவிப்பு வேண்டும், வரம்புக்கு மேலே போனால் ஓடிபி வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நம் கார்டிலிருந்து தானாகப் போகாமல் திரும்புவது அடிக்கடி நடக்கிறது. சந்தா தேதிக்குப் பத்து நாள் முன்னால் போனில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். விலையைப் பார்க்கும்போது முதல் வருடச் சலுகை விலையைப் பார்க்காமல் இரண்டாவது வருட விலையைப் பாருங்கள். டாலரில் போட்டிருந்தால் மாற்று விலையும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கார்த்திகைக்கு முந்தின மாதத்தில் சந்தா முடியாதபடி ஆரம்பித்தால் இன்னும் நிம்மதி.

இப்போது டெவலப்பர் சொன்ன வேர்ட்பிரஸ். அது நல்ல சாமான், நான் அதில்தான் அதிகம் வேலை செய்கிறேன். மென்பொருள் இலவசம், தகவல் எல்லாம் உங்கள் ஹோஸ்டிங்கில், எப்போது வேண்டுமானாலும் மூட்டை கட்டி வேறு இடம் போகலாம். ஆனால் வீட்டைச் சொந்தமாகக் கட்டினால் ஓட்டை அடைப்பதும் நம் வேலைதான். வேர்ட்பிரஸ், அதன் தீம் (தோற்றம்), பிளகின்கள் (கூடுதல் வசதிக்கான சின்ன மென்பொருள்கள்) எல்லாவற்றுக்கும் அப்டேட் வந்துகொண்டே இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்துக்கு அதில் செய்து கொடுத்தேன். பராமரிப்புக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று வாயால் சொன்னதோடு சரி, நானும் பின்தொடரவில்லை. மூன்று வருடம் யாரும் உள்ளே போகவே இல்லை. ஒரு நாள் தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். கூகுளில் பள்ளியின் பெயரைத் தேடி அழுத்தினால் சூதாட்டத் தளத்துக்குப் போகிறது. பழைய பிளகின் ஒன்றின் ஓட்டை வழியாக யாரோ புகுந்திருக்கிறார்கள். அந்தப் பள்ளிக்கு ஒரு பில்டரைக் காட்டியிருந்தால் இந்த அவமானம் வந்திருக்காது, அப்டேட் எல்லாம் பில்டர் நிறுவனமே பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டிலும் மாதம் ஒரு முறை உட்கார்ந்து அப்டேட் பார்க்க ஆள் இருப்பதாக உங்கள் கேள்வியில் தெரியவில்லை. நான் பில்டர் பக்கம் சாய்ந்ததற்கு இது பாதிக் காரணம்.

எப்போது பில்டரை விட்டு இறங்க வேண்டும்? மொத்த வியாபாரிக்கு ஒரு விலை, சில்லறைக்கு ஒரு விலை என்று லாகின் வைத்துக் காட்ட வேண்டும், பில் போடும் மென்பொருளோடு சரக்குக் கணக்கு ஒட்ட வேண்டும், இந்த மாதிரித் தேவை வந்தால் பில்டரில் மல்லுக்கட்டாதீர்கள். 60 மாடல் காட்டவும் விசாரணை வரவும் வேண்டிய இன்றைய நிலையில் அதெல்லாம் இல்லை.

டெவலப்பருக்கும் ஒரு வார்த்தை. "விளையாட்டுச் சாமான்" என்கிறாரே, அவரும் அநேகமாக வேர்ட்பிரஸுக்கு மேலே எலிமென்டர் என்ற பில்டரைப் போட்டு அதே மாதிரி இழுத்துத்தான் போடுவார். 2016இல் வந்த அது இப்போது நம்மூர் டெவலப்பர்கள் பலருக்குக் கைப்பழக்கம். வேர்ட்பிரஸே 2018 டிசம்பரில் 5.0 பதிப்பிலிருந்து பக்கத்தைத் துண்டு துண்டாக (பிளாக்) அடுக்கித் திருத்துகிற கருவியாக மாறிவிட்டது. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் விலையை எழுத்துப் பெட்டியில் தட்டச்சு செய்து வைத்துவிட்டுப் போனால் 45,000 கொடுத்தும் உங்களுக்கு அதே 960 பெட்டிதான்.

அவரிடம் தளத்தின் டிசைனைக் காட்டச் சொல்லாதீர்கள். முன்பு செய்து கொடுத்த ஏதாவது ஒரு கடைத் தளத்தை எடுத்து, ஒரு பொருளின் விலையை உங்கள் எதிரிலேயே போனில் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். பட்டியல் பக்கத்திலும் தனிப் பக்கத்திலும் ஒரே நேரத்தில் மாறுகிறதா என்று பாருங்கள். அப்புறம் அந்தப் போனை வாங்கி நீங்களே ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். முடிந்தது என்றால், மாதப் பராமரிப்புக்கு என்ன வாங்குவார் என்பதையும் கேட்டுக்கொண்டு பேரம் பேசலாம், 45,000 கேட்டதில் அநியாயம் இல்லை. "அதெல்லாம் எதற்கு, எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நான் மாற்றித் தருகிறேன்" என்றால் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, அண்ணன் மகளை அந்த ஷீட்டோடு உட்காரச் சொல்லுங்கள். டொமைனை மட்டும் அதற்கு முன்பே உங்கள் பெயரில் வாங்கி வைத்துவிடுங்கள்.